காதால் பார்த்த பந்தயம்

2020 டிசம்பரில் அபுதாபியின் யாஸ் மரீனா தடத்தில் அந்த ஆண்டின் கடைசி ஃபார்முலா ஒன் பந்தயம் நடந்தது. அதே வார இறுதியில், பந்தயத்தில் சேராத ஒரு வண்டியும் அங்கே சில சுற்றுகள் ஓடியது. 2005-ல் ஃபெர்னாண்டோ அலோன்சோவை முதன்முறையாக உலகச் சாம்பியனாக்கிய ரெனோ ஆர்25 அது. ஓட்டியவரும் அலோன்சோதான். அந்தப் பந்தயத்தில் வென்றவர் யார் என்பதை மறந்துவிட்ட ரசிகர்கள்கூட, பதினைந்து ஆண்டு பழைய அந்த வி10 இன்ஜின் எழுப்பிய சத்தத்தை மறக்கவில்லை. 2022 ஜூலையில் சில்வர்ஸ்டோனில் செபாஸ்டியன் வெட்டல், 1992-ல் நைஜல் மான்செல் பட்டம் வென்ற வில்லியம்ஸ் ரக வண்டியை ஓட்டிக் காட்டினார். அதை அவர் தனக்கென்று வாங்கி வைத்திருந்தார். மான்செல் பட்டம் வென்றபோது வெட்டலுக்கு ஐந்து வயது. நான்கு முறை உலகச் சாம்பியனாகி, தன் காலத்தின் மிகச் சிறந்த வண்டிகளையெல்லாம் ஓட்டித் தீர்த்த ஒருவருக்கு, தான் ஓட்டாத ஒரு காலத்தின் மீது இவ்வளவு ஏக்கம்.

இந்த ஏக்கத்துக்கு இரண்டு விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. ஒன்று, வயதானவர்களுக்குத் தங்கள் இளமைக்காலம் எல்லாமே இனிக்கும் என்பது. வெட்டலைப் போன்றவர்களையும், அயர்டன் செனாவின் பந்தயங்களை ஆவணப்படத்தில் மட்டும் பார்த்துவிட்டு அவரை நேசிக்கும் இளைஞர்களையும் இந்த விளக்கம் எட்டாது. மற்றொன்று, பழைய இன்ஜின்களின் சத்தம் அதிகம், மனிதர்களுக்குச் சத்தம் பிடிக்கும் என்பது. இதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதிதான் முக்கியம். அந்தக் காலத்தில் ஓட்டுநர் செய்யும் வேலை, அவர் செய்த அந்தக் கணமே, கண்வழியும் காதுவழியும் பார்வையாளரிடம் வந்து சேர்ந்தது. இன்ஜின் ஒரு தூதுவனாக இருந்தது: உள்ளே இருப்பவரின் கால் என்ன செய்கிறது என்று வெளியே இருப்பவருக்குச் சொல்லியது. ரசிகர்கள் இழந்தது அந்தச் சேதியை. சத்தம் அந்தச் சேதியின் உடல் மட்டுமே.

முதலில் சத்தத்தின் கணக்கைப் பார்ப்போம். பந்தய இன்ஜின்கள் நான்கு வீச்சு இன்ஜின்கள். அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுழற்சிக்கு ஒருமுறை எரிபொருளை வெடிக்கச் செய்யும். 2005-ன் மூன்று லிட்டர் வி10 இன்ஜின் நிமிடத்துக்கு 19,000 முறை சுழன்றது. பத்து சிலிண்டர், ஒவ்வொன்றும் இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்பு என்று கணக்கிட்டால், ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 1,580 வெடிப்புகள். மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பது விநாடிக்கு 2,000 முதல் 5,000 அதிர்வுகள் வரையிலான ஒலிகளை. வி10-ன் அடிப்படை ஒலி அதற்குச் சற்றுக் கீழே நிற்கிறது. அதன் இரட்டிப்பான மேல் ஒலி, 3,160 அளவில், நேராக அந்தக் கூர்மையான பகுதிக்குள் போய் விழுகிறது. அந்த அலறல் செவியைத் துளைத்ததற்குக் காரணம் நம் காதின் அமைப்பிலேயே இருக்கிறது. 2014-ல் வந்த 1.6 லிட்டர் வி6 டர்போ இன்ஜின் பந்தயத்தில் 12,000 சுழற்சியை ஒட்டி ஓடும்போது விநாடிக்கு 600 வெடிப்புதான். சுருதி ஒன்றரை ஸ்தாயிக்குச் சற்றே குறைவாக இறங்கிவிட்டது.

இந்தக் கணக்கிலேயே ஒரு திருப்பம் ஒளிந்திருக்கிறது. பழைய இன்ஜின்களில் பலரும் தலையில் வைத்துக் கொண்டாடுவது காஸ்வொர்த் டிஎஃப்வி. ஃபோர்டு நிறுவனம் ஒரு லட்சம் பவுண்டு கொடுக்க, கீத் டக்வொர்த் வடிவமைத்த எட்டு சிலிண்டர் இன்ஜின். 1967-ல் ஹாலந்தின் ஸாண்ட்வூர்ட் தடத்தில், தன் முதல் பந்தயத்திலேயே ஜிம் கிளார்க்கின் லோட்டஸை வெற்றி பெறச் செய்தது. 1983-ல் டெட்ராய்ட் வரை அந்தக் குடும்பம் வென்ற பந்தயங்கள் 155. தொடக்கத்தில் அது 9,000 சுழற்சியில் ஓடியது; எட்டு சிலிண்டருக்கு விநாடிக்கு 600 வெடிப்பு. இன்றைய வி6 இன்ஜினின் அதே எண்ணிக்கை! ஆனால் டிஎஃப்வி-யின் கர்ஜனையைப் பழைய கார் விழாக்களில் கேட்டவர் யாரும் இரண்டும் ஒன்று என்று சொல்ல மாட்டார்கள். வேறுபாடு எங்கே வருகிறது? டிஎஃப்வி-யின் புகைக்குழாய் நேராகக் காற்றில் திறந்தது. ஒவ்வொரு வெடிப்பின் அழுத்த அலையும் தடையின்றி வெளியே வந்தது. இன்றைய இன்ஜினில் அந்தப் புகை ஒரு டர்பைன் சக்கரத்தைச் சுற்றிவிட்ட பிறகே வெளியே வருகிறது. அலையின் கூர்முனைகளை அந்தச் சக்கரம் மழுக்கி, அதிலிருந்த ஆற்றலை உள்ளே திருப்பி அனுப்பிவிடுகிறது.

ஆகவே சத்தம் என்பது, பொறியாளரின் கணக்கில், வீணாகிப் போன ஆற்றல். எரித்த பெட்ரோலின் ஆற்றலில் பழைய இன்ஜின்கள் சக்கரத்துக்குக் கொண்டுசேர்த்தது முப்பது விழுக்காட்டை ஒட்டிய அளவே. 2017-ல் மெர்சிடிஸ் தன் பந்தய இன்ஜின் ஐம்பது விழுக்காட்டைத் தாண்டிவிட்டதாக அறிவித்தது. 2013 வரை ஒரு பந்தயத்துக்கு ஏறத்தாழ 150 கிலோ எரிபொருள் எடுத்துச் சென்ற வண்டிகள், 2014-ல் 100 கிலோவில் அதே தூரத்தை ஓடி முடித்தன. இன்ஜின் வரலாற்றில் இது பெரும் சாதனை. பழைய காலத்தை நேசிப்பவர்கள் இதை இகழ்ந்து பேசுவது தவறு. அந்த இன்ஜின்களைச் செய்தவர்களின் உழைப்பு டக்வொர்த்தின் உழைப்புக்கு எந்த வகையிலும் குறைந்ததல்ல. ஆனால் 2014 மார்ச்சில் மெல்போர்னில் அந்த வண்டிகள் முதன்முறை பந்தயம் ஓடியபோது, போட்டியை நடத்தியவர்களே சத்தம் போதவில்லை என்று வெளிப்படையாகக் குறை சொன்னார்கள். இரண்டு மாதத்தில் பார்சிலோனாவில் மெர்சிடிஸ் வண்டியின் பின்னால் நாதஸ்வரத்தின் அணசு போல வாய் விரிந்த ஒரு புகைக்குழாயை மாட்டிச் சோதித்துப் பார்த்தார்கள். பலன் இல்லை, கைவிட்டார்கள். 2016-ல் புகைக்குழாயின் அமைப்பு விதியை மாற்றிச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார்கள். குறை அப்போதும் தீரவில்லை. ஏக்கம் ஒலியின் அளவைப் பற்றியது மட்டும் என்றால், அளவு கூடக் கூட அது குறைந்திருக்க வேண்டும்.

இதைவிட வலுவான சான்று 1988-ம் ஆண்டு. பழைய ஓட்டுநர்களைப் பற்றிப் பேசும் எவரும் முதலில் எடுப்பது மெக்லாரன் அணியில் அயர்டன் செனாவும் அலென் புரோஸ்டும் மோதிய அந்த ஆண்டைத்தான். 16 பந்தயங்களில் 15-ஐ அந்த அணி வென்றது. செனா எட்டு, புரோஸ்ட் ஏழு. அவர்களுக்குப் பின்னால் இருந்த இன்ஜின் ஹோண்டா 1.5 லிட்டர், ஆறு சிலிண்டர், டர்போ. ஒரு பந்தயத்துக்கு 150 லிட்டருக்கு மேல் எரிபொருள் கூடாது என்ற கட்டுப்பாடும் இருந்தது. வி6, டர்போ, எரிபொருள் உச்சவரம்பு: இன்றைய இன்ஜினைக் குறை சொல்பவர்கள் அடுக்கும் மூன்று குற்றங்களும் அந்தப் பொற்காலத்தின் நடுவில் இருக்கின்றன. எரிபொருளைச் சேமித்து ஓட்டுவது பந்தயமே அல்ல என்பவர்கள் புரோஸ்டை என்ன செய்வார்கள்? அந்தக் கலையில் அவரைப் போல் தேர்ந்தவர் அப்போது இல்லை. 1986-ல் ஹாக்கன்ஹைம் பந்தயத்தின் கடைசிச் சுற்றில் எரிபொருள் தீர்ந்து, வண்டியை விட்டிறங்கி அதைக் கையால் தள்ளியவரும் அவர்தான். அந்த ஆண்டின் பட்டம் அவருக்கே போனது.

அப்படியானால் 1988-ல் இருந்தது எது? வளைவுக்குள் செனா ஆக்ஸிலேட்டரை ஒரே சீராக மிதிக்க மாட்டார். தட்டித் தட்டி, ஒரு விநாடிக்குள் பலமுறை மிதித்து எடுப்பார். டர்போ சுழற்சி தணிந்துவிடாமல், பின் சக்கரங்கள் பிடிப்பை இழக்கும் விளிம்பிலேயே வண்டியை நிறுத்தும் முறை அது. புரோஸ்ட் நேர் எதிர். மென்மையாக உள்ளே போய், ஒரே இழுப்பில் வெளியே வருவார். அதே வண்டி, அதே இன்ஜின், அதே வளைவு. ஒலி மட்டும் வேறு. ஒரே மிருதங்கத்தை இரண்டு வித்வான்கள் வாசித்தால் விரல் யாருடையது என்று சபைக்குத் தெரிவதைப் போல, வளைவோரம் நின்றவருக்குக் கண்ணை மூடிக்கொண்டாலும் போவது யார் என்று தெரிந்தது. காலுக்கும் இன்ஜினுக்கும் நடுவே வேறு யாரும் இல்லாததால் இது முடிந்தது. கால் சொன்னதை இன்ஜின் அப்படியே ஒப்பித்தது.

கண்ணுக்கும் வேலை இருந்தது. 1989-ல் ஜான் பர்னார்டு வடிவமைத்த ஃபெராரி வண்டி, ஸ்டியரிங்கின் பின்னால் இருக்கும் சிறு தகடுகளை விரலால் இழுத்து கியர் மாற்றும் முறையைக் கொண்டுவந்தது. அதற்கு முன்பு எல்லோரும் வலது கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து, கியர் ராடைப் பிடித்து, இடது காலால் கிளட்சை மிதித்து மாற்றினார்கள். மொனாக்கோவின் குறுகிய தெருக்களில் பந்தய நேரத்தின் ஒரு பகுதி ஒற்றைக் கையால்தான் ஓடியது. வண்டியில் பொருத்திய கேமராவின் பழைய படங்களைப் பார்த்தால் அந்தக் கையின் பரபரப்பு தெரியும். கியர் தவறினால் இன்ஜின் தன் வரம்பைத் தாண்டிக் கத்தும். பல நேரம் அதோடு சிதறும். தவறும் காதில் விழுந்தது. 1991-ல் பிரேசிலின் இன்டர்லாகோஸ் தடத்தில், தன் ஊர் மக்கள் முன்னால், செனாவின் வண்டியில் ஒவ்வொரு கியராகச் செயலிழந்தது. கடைசிச் சுற்றுகளை ஆறாவது கியரிலேயே ஓட்டி, மூன்று விநாடிக்கும் குறைந்த இடைவெளியில் வென்றார். மெதுவான வளைவில் இன்ஜின் திணறுவதைக் கேட்டே விஷயத்தை ஊகிக்க முடிந்தது. பந்தயம் முடிந்து அவரைப் பிறர் தூக்கித்தான் வண்டியிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது. கோப்பையைத் தலைக்கு மேல் தூக்கவே அவர் சிரமப்பட்டார். கையால் கியர் மாற்றி உலகப் பட்டம் வென்ற கடைசி ஃபார்முலா ஒன் வண்டி அதுதான்.

மக்கள் எதை நினைவில் வைத்துக்கொள்கிறார்கள் என்பதற்கு 1979-ன் டிஜோன் பந்தயம் நல்ல உதாரணம். அன்று பிரான்ஸ் மண்ணில் ரெனோ வண்டியில் ஷான்-பியேர் ஷபூயி முதலிடம் பெற்றார். ஃபார்முலா ஒன்னில் டர்போ இன்ஜினின் முதல் வெற்றி அது. அடுத்த பத்தாண்டின் தலையெழுத்தையே மாற்றிய வெற்றி. ஆனால் அந்தப் பந்தயத்தின் பெயரைச் சொன்னால் நினைவுக்கு வருவது இரண்டாமிடத்துக்கு ஃபெராரியின் ஜில் வில்நெவ்வும் ரெனோவின் ரெனே ஆர்னூவும் கடைசிச் சுற்றுகளில் சக்கரத்தோடு சக்கரம் உரச மோதிக்கொண்டதுதான். வில்நெவ் முந்திக்கொண்டார். பொறியியல் வரலாறு முன்னால் போய்க்கொண்டிருந்த அந்த நேரத்தில், பார்த்தவர்களின் கண் இரண்டு மனிதர்களின் கைகளைப் பின்தொடர்ந்தது.

இனி மறுப்புகளுக்கு வருவோம். நினைவு சல்லடையாக வேலை செய்கிறது என்ற மறுப்பு நியாயமானது. டிஜோனை நினைப்பவர்கள், முன்னணி வண்டி கண்ணுக்கெட்டாத தூரத்தில் தனியாகப் போய் முடிந்த எத்தனையோ சலிப்பான ஞாயிற்றுக்கிழமைகளை நினைப்பதில்லை. வி10-ன் உச்சகாலம் என்று போற்றப்படும் 2004-ல் 18 பந்தயங்களில் 13-ஐ மைக்கேல் ஷூமாக்கர் ஒருவரே வென்றார். அப்போது பார்த்தவர்கள் அலுத்துக்கொண்டார்கள். இதற்கும் மேலே ஒன்று இருக்கிறது. ஏங்கப்படும் இன்ஜினும் ஏங்கப்படும் ஓட்டுநர்களும் ஒரே காலத்தவர்கள் அல்ல. செனா, புரோஸ்ட், மான்செல் காலத்து இன்ஜின்கள் 2005-ன் சுழற்சியை எட்டவில்லை. 19,000 சுழற்சி வந்தபோது, 2001 முதல், பின் சக்கரம் வழுக்காமல் கணினியே இன்ஜினைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு விதிப்படி அனுமதிக்கப்பட்டிருந்தது. வளைவிலிருந்து வண்டி வெளியே வரும்போது கேட்ட அந்த விட்டுவிட்டு வெடிக்கும் ஒலி, ஓட்டுநரின் காலின் ஒலி அல்ல. சிலிண்டர்களை மாறி மாறி அணைத்த மின்னணுவின் ஒலி. நினைவு இரண்டு காலங்களைச் சேர்த்துத் தைத்து, எங்கும் இல்லாத ஒரு மூன்றாம் காலத்தைச் செய்துவிட்டது என்று ஒருவர் வாதிட்டால் அதை முழுவதுமாக மறுக்க முடியாது. ஆனால் இந்த உண்மை என் வாதத்துக்கே துணை நிற்கிறது. சத்தம் உச்சத்தில் இருந்தபோதே சேதி குறையத் தொடங்கிவிட்டது. 2001-க்குப் பிந்தைய வி10-ஐ ஒலிக்காக நேசிக்கிறார்கள். ஓட்டுதலுக்காக நேசிப்பவர்கள் அதற்கும் முந்தைய காலத்துக்குத்தான் போகிறார்கள். இரண்டும் வேறு வேறு அன்பு என்பதை ரசிகர்கள் பெயர் சொல்லாமலே உணர்ந்திருக்கிறார்கள்.

அடுத்த மறுப்பு எல்லாவற்றையும்விடக் கனமானது. அந்தக் காலம் கொன்றது. டிஎஃப்வி-யின் முதல் வெற்றியைப் பெற்ற ஜிம் கிளார்க் அடுத்த ஆண்டே, 1968 ஏப்ரலில், ஹாக்கன்ஹைமில் ஒரு ஃபார்முலா டூ பந்தயத்தில் இறந்தார். 1970-ல் யோகன் ரிண்ட் மோன்சாவில் இறந்து, இறந்த பிறகு சாம்பியனானார். 1973-ல் ஸாண்ட்வூர்ட்டில் ராஜர் வில்லியம்சனின் வண்டி கவிழ்ந்து எரிந்தது. டேவிட் பர்லி என்ற மற்றோர் ஓட்டுநர் தன் வண்டியை நிறுத்திவிட்டு ஓடிப்போய், தனியொருவராக அதை நிமிர்த்தப் போராடித் தோற்றார். உதவிக்கு ஆளும் கருவியும் போதவில்லை. டிஜோனில் இரண்டாமிடத்தை வென்றெடுத்த அந்த வில்நெவ் 1982-ல் ஸோல்டரில் இறந்தார். 1994-ல் இமோலாவில் சனிக்கிழமை ரோலண்ட் ராட்ஸன்பெர்கர், ஞாயிற்றுக்கிழமை செனா. இந்தப் பெயர்களை ஒதுக்கிவைத்துவிட்டு அந்தக் காலத்தைக் கொண்டாடுவது நேர்மையாகாது.

ஆனால் அபாயம்தான் அந்த ஓட்டுநர்களைப் பெரியவர்களாக்கியது, பாதுகாப்பு வந்ததும் வீரம் போய்விட்டது என்று சிலர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அதை மறுப்பவர்கள் அந்த ஓட்டுநர்களே. 1966-ல் ஸ்பா தடத்தில் மழையில் சறுக்கி விழுந்த ஜாக்கி ஸ்டீவர்ட், எரிபொருள் மேலெல்லாம் வழிய, வளைந்த ஸ்டியரிங்குக்குப் பின்னால் சிக்கிக்கிடந்தார். கிரகாம் ஹில்லும் பாப் பாண்டுரண்டும் பார்வையாளர் ஒருவரிடம் ஸ்பேனர் வாங்கி ஸ்டியரிங்கைக் கழற்றி அவரை எடுத்தார்கள். அதன்பின் தடுப்புகளுக்காகவும் மருத்துவ வசதிக்காகவும் அவர் ஆண்டுக்கணக்கில் போராடினார். பந்தயத்தின் கவர்ச்சியைக் கெடுக்கிறார் என்ற வசையையும் வாங்கிக்கொண்டார். மூன்று முறை சாம்பியன், 27 வெற்றி. வீரம் இல்லாதவர் என்று அவரை யார் சொல்வது? 1976-ல் நூர்பர்க்ரிங்கில் தீயில் வெந்து, ஆறு வாரத்தில் மோன்சாவுக்குத் திரும்பி நான்காவதாக வந்த நிக்கி லவுடா, அதே ஆண்டு கடைசிப் பந்தயத்தில் ஃபூஜியின் பெருமழையில் ஓட்ட மறுத்து வண்டியை நிறுத்தினார். ஒரே ஒரு புள்ளியில் பட்டம் ஜேம்ஸ் ஹன்ட்டுக்குப் போனது. என் கணக்கில் அவருடைய மிகப் பெரிய முடிவு அதுதான். அலோன்சோவின் பழைய வண்டி அபுதாபியில் ஓடியதற்கு இரண்டு வாரம் முன்பு, பஹ்ரைனில் ரொமேன் குரோஷானின் வண்டி தடுப்பில் மோதி இரண்டாகப் பிளந்து தீப்பிடித்தது. தலைக்கு மேலிருந்த ஹேலோ வளையம் காக்க, அரை நிமிடத்துக்குள் அவர் தீயிலிருந்து தானே வெளியே வந்தார். 1973-ன் வண்டியில் அவர் பிழைத்திருக்க வழியே இல்லை. ஓட்டுநரின் வேலை வெளியே தெரிவதற்கு அவர் உயிர் ஆபத்தில் இருக்க வேண்டிய அவசியம் எங்கும் இல்லை.

இன்றைய ஓட்டுநர்கள் திறமையில் குறைந்தவர்கள் என்பதும் பொய். 2004-ல் மோன்சாவில் வி10 வண்டியில் ஹுவான் பாப்லோ மொன்டோயா மணிக்கு 262 கிலோமீட்டர் சராசரியில் ஒரு சுற்றை முடித்தார். 2020-ல் அதே தடத்தில் லூயிஸ் ஹாமில்டன் வி6 கலப்பின இன்ஜினுடன் 264-ஐத் தொட்டார். அதுவும் எடை கூடிய வண்டியில்: 2005-ல் ஓட்டுநரோடு சேர்த்து 600 கிலோவை ஒட்டி இருந்த வண்டி 2020-ல் ஏறத்தாழ 750 கிலோ. வண்டி ஓடும்போதே மின்கலத்தில் எவ்வளவு சேமிப்பது, எங்கே செலவழிப்பது, பிரேக்கின் பலத்தை முன்னும் பின்னும் எப்படிப் பங்கிடுவது என்று ஒவ்வொரு வளைவுக்கும் முடிவெடுக்கிறார்கள். ஆனால் மின்மோட்டார் தரும் உந்துதலுக்கு ஒலி இல்லை. பிரேக் பங்கீட்டை மாற்றும் விரல் வெளியே தெரிவதில்லை. எதை எப்போது மாற்ற வேண்டும் என்று காதுக்குள் ஒரு பொறியாளர் பேசிக்கொண்டும் இருக்கிறார். முடிவு யாருடையது என்பது பார்ப்பவருக்குப் புலப்படாமல் போகிறது. திறமை எங்கும் போய்விடவில்லை, மூடிய அறைக்குள் இருக்கிறது.

தமிழ் வாசகருக்கு இந்த வரலாற்றில் ஒரு நேர்த் தொடர்பு உண்டு. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க்கால விமான ஓடுதளத்தில் பல ஆண்டுகள் நடந்த பந்தயங்கள் ஒரு தலைமுறைக்கே இன்ஜின் ஒலியைப் பழக்கின. பிறகு பந்தயம் இருங்காட்டுக்கோட்டைக்கு இடம் மாறியது. கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர். அவர் நுழைந்த 2005, மூன்று லிட்டர் வி10 இன்ஜின்கள் முழுமையாக ஆட்சி செய்த கடைசி ஆண்டு. ஜோர்டான் அணியில் டொயோட்டா வி10 அவருக்குப் பின்னால் இருந்தது. இண்டியானாபோலிஸில் டயர் சிக்கலால் 14 வண்டிகள் விலகி, ஆறே வண்டிகள் ஓடிய பந்தயத்தில் நான்காவதாக வந்து புள்ளிகள் பெற்றார். 2011 முதல் 2013 வரை கிரேட்டர் நொய்டாவில் நடந்த மூன்று இந்திய கிராண்ட் பிரீகளும் எட்டு சிலிண்டர் இன்ஜின்களின் காலத்தவை. அந்த ஒலி முடிந்த கையோடு இந்தியப் பந்தயமும் முடிந்துவிட்டது. நம்மில் நேரில் பார்த்தவர்கள் ஃபார்முலா ஒன் என்றதும் அந்த அலறலையே நினைப்பது இதனால்தான்.

2025-ல் சர்வதேச ஆட்டோமொபைல் சம்மேளனத்தின் தலைவர் முகமது பென் சுலாயம், கரிம மாசைக் கூட்டாத எரிபொருளில் ஓடும் வி10 இன்ஜின்களைத் திரும்பக் கொண்டுவரலாம் என்ற யோசனையை முன்வைத்தார். பின்னர் பேச்சு வி8 பக்கம் திரும்பியது. அத்தகைய எரிபொருளில் பழைய இன்ஜின் ஓடும் என்பதை சில்வர்ஸ்டோனில் வெட்டல் காட்டிவிட்டார். அன்று அந்த வில்லியம்ஸ் ஓடியது அதில்தான். மாசு என்ற மறுப்புக்கு அது ஒரு பதில். இதற்கிடையே 2026-க்கு வகுத்த விதிகள் எதிர்த்திசையில் போயின: சக்தியில் ஏறத்தாழ பாதி, ஒலியில்லாத மின்மோட்டாரிலிருந்து. எந்தப் பக்கம் வென்றாலும், சிலிண்டர் எண்ணிக்கையை மட்டும் வைத்துச் சண்டை போட்டால் 2001-ன் தவறு மீண்டும் நடக்கும்: அற்புதமான ஒலி, அதில் ஓட்டுநர் இல்லை. புதிய இன்ஜின் எதுவானாலும் அதனிடம் கேட்க வேண்டியது, வளைவோரம் நிற்பவர் அதைக் கேட்டு உள்ளே இருப்பவரின் காலை அறிய முடியுமா என்பதைத்தான்.

இன்ஜினை மாற்றாமலே செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது. 2016-ல் செய்தும் பார்த்தார்கள். ஓட்டுநர் தனியாக, உதவியின்றி ஓட்ட வேண்டும் என்ற விதியைக் கடுமையாக்கி, ரேடியோவில் சொல்லக்கூடியவற்றைச் சுருக்கினார்கள். பாகுவில் ஹாமில்டனின் இன்ஜின் அமைப்பு தவறாகிவிட, சரியான பொத்தான் எது என்று அணி சொல்ல முடியாமல், பல சுற்றுகள் அவர் ஸ்டியரிங்கில் தேடித் திணறினார். சில்வர்ஸ்டோனில் கியர் கோளாறுக்கு ரேடியோவில் வழி கேட்டுப் பெற்ற நிகோ ராஸ்பெர்க் பத்து விநாடித் தண்டனை பெற்று இரண்டாமிடத்தை இழந்தார். ஓட்டுநர்களும் அணிகளும் எதிர்த்தார்கள். அந்த ஆண்டு ஜூலை முடிவில், ஜெர்மன் பந்தயத்தோடு, விதி தளர்ந்தது. மணிக்கு 300 கிலோமீட்டரில் பொத்தான் தேடுவது பந்தயம் ஆகாது, ஆபத்தும்கூட என்ற அவர்கள் வாதம் சரியானது. ஆனால் அதற்கான பரிகாரம் பொறியாளரின் குரலைத் திரும்ப அனுமதித்தது அல்ல. பொத்தான்களைக் குறைத்திருக்க வேண்டும். 1988-ன் வண்டியில் செனாவுக்கும் புரோஸ்டுக்கும் இருந்த தேர்வுகள் சிலவே. அவற்றை அவர்கள் தாங்களே செய்தார்கள், நமக்கு அது கேட்டது. இதைச் செய்யும் அதிகாரமும் வழியும் சம்மேளனத்திடம் ஏற்கெனவே உண்டு. 2008-ல் எல்லா வண்டிகளுக்கும் ஒரே பொது மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியைக் கட்டாயமாக்கித்தான் சக்கரம் வழுக்காமல் தடுக்கும் கணினியை ஒரே பருவத்தில் ஒழித்தார்கள். அந்தப் பொதுப் பெட்டி முறை இன்னும் நடைமுறையில் இருக்கிறது.